கடைசி ஆறு யார்டு

கழகத்துச் சுவரில் தொங்கும் பலகையில் என் பெயர் இருப்பதால், புதிதாகச் சேரும் தமிழ் ஓட்டக்காரர் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். ஒரே பருவத்தில் அவ்வளவு தூரம் எப்படி ஓடினீர்கள்? சில வாரங்களுக்கு முன் உங்களில் ஒருவர் கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கேட்டார். நானும் வழக்கம்போல உழைப்பு, ஒழுக்கம், சாப்பாடு என்று ஏதோ சொல்லி வைத்தேன். அது பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை. அதனால் இப்போது எழுதுகிறேன். தமிழ் வாசிக்க வராதவர்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அம்மா நடுவில் நிறுத்திவிட்டு உங்களை ஒரு மாதிரிப் பார்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வாசிக்கிற அம்மாமாருக்காக நாலு வரி. இது அமெரிக்கன் ஃபுட்பால். பெயரில்தான் காலிருக்கிறது, பந்து பெரும்பாலும் கையில். நான் ரன்னிங் பேக். பந்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிர் அணிக்காரர் விழுத்தும்வரை ஓடுவது என் வேலை. எனக்கு ஓரடி முன்னால் பந்தில்லாமல் ஒருவர் ஓடுவார். அவர் ஃபுல்பேக். என்னை விழுத்த வரும் முதல் ஆளைத் தன் உடம்பால் இடித்து ஓரம் தள்ளுவது அவர் வேலை. நான் ஓடிய தூரத்தை யார்டு யார்டாக எழுதுவார்கள். அவர் இடித்ததை யாரும் எழுதுவதில்லை.

ஒன்பது வயதில் பாரிஸின் புறநகரான ஸ்தேனுக்கு வந்தேன். பள்ளிக்கூட நண்பர்கள் இழுத்துக்கொண்டு போய்க் கழகத்தில் சேர்த்தபோது வயது பதினேழு. என் முதல் பெரிய பிழை அந்த வருடமே நடந்தது. எதிரே யாரும் இல்லை, கடைசிக் கோட்டுக்கு இன்னும் மூன்று எட்டு. பார்வையாளர் பக்கமிருந்து யாரோ என் பெயரைக் கத்தினார்கள். நான் பந்தை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். பின்னால் துரத்தி வந்தவன் அதைத் தட்டிவிட்டான். ஆட்டம் போயிற்று. உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஏசவில்லை. "முடியுமுன்பே நீ உன்னைக் கொண்டாடினாய்" என்று பிரெஞ்சில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து இரண்டு கையாலும் பந்தைப் பிடித்தேன். கழகத்தில் என்னைவிடக் குறைவாகப் பந்தைத் தவறவிட்டவர் இல்லை என்று இன்றும் சொல்வார்கள். பயிற்சியாளர் சொன்னதில் கையைப் பற்றியது மட்டும்தான் எனக்கு விளங்கியிருக்கிறது. கையைத் திருத்தினேன், ஆளைத் திருத்தவில்லை.

இனி குகன் அண்ணை. பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். சமையலறையும் களஞ்சியமும் நிலத்துக்குக் கீழே. கோழிக்கூட்டு ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. அதில் அவர் தோளுக்கு ஒன்றாக இரண்டு அரிசி மூட்டையோடு, யாரோடோ கதைத்துக்கொண்டே இறங்குவதை ஒருநாள் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். விளையாட்டு விதிகளில் பாதி அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "ஆரை இடிக்கிறதெண்டு மட்டும் சொல்லடா, மிச்சத்தை நீ பார்" என்பார். ஊரில் படித்த படிப்பு, இங்கே வந்து பப்பியே என்ற வதிவிடப் பத்திரத்துக்காக அலைந்த அலைச்சல், முதலாளியின் வாய், எல்லாவற்றையும் அந்த ஒரு இடியில் இறக்கி வைப்பார் என்று நினைக்கிறேன். இடித்த பிறகு விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கியும் விடுவார்.

என் பெயரில் எழுதிய தூரமெல்லாம் அவருடைய முதுகுக்குப் பின்னால் ஓடியது. என் கெட்டித்தனம் என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவர் திறந்துவிட்ட கதவால் நுழைந்ததுதான் என் கெட்டித்தனம். இதை அப்போதே அறிந்திருந்தேன், அறியாதவன் போலப் பேட்டி கொடுத்தேன். இருபத்தாறு வயதில் அப்படி நடிப்பது மிகச் சுலபம்.

அந்தப் பருவத்தில் எல்லாம் கூடிவந்தது. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு கிழமை முன்பே, எங்கள் பிரிவில் ஒரு பருவத்தில் யாரும் ஓடாத தூரத்தைத் தொடப்போகிறேன் என்று பேச்சு அடிபட்டது. எத்தனை யார்டு என்று இங்கே எழுத மாட்டேன். பலகையில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதே நேரம் குகன் அண்ணைக்கும் ஒன்று கூடிவந்தது. பஸ் ஓட்டும் அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தார். ஒரு பஸ் கம்பனியில் வேலையும் கிடைத்திருந்தது. கொந்திரா என்ற நிரந்தர வேலை ஒப்பந்தம். கையெழுத்துக்கு முன் விசித் மெடிக்கால் என்ற மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, பரிசோதனை அதற்குப் பத்து நாள் கழித்து. அவருடைய மனுசி மாலதி அக்கா அப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி.

"இது முடிய நான் விளையாட்டை விடுறன். பஸ்ஸில இருந்துகொண்டு இடிக்க விடமாட்டாங்கள்" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் டேப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு முழங்காலிலும் கணுக்காலிலும் வெள்ளை டேப்பை இறுக்கிச் சுற்றுவோம். குகன் அண்ணையின் வலது முழங்கால் ஏற்கெனவே கொஞ்சம் இளகினது. அந்தச் சுற்று இல்லாமல் அவர் மைதானத்தில் இறங்கியதில்லை. ஆட்டம் வென்றாயிற்று என்றால் பயிற்சியாளர் எங்களை வெளியே எடுத்து மாற்று ஆட்டக்காரரை விடுவார். வெளியே வந்தவர் மைதான ஓரத்து நீள வாங்கில் இருந்து கத்தரிக்கோலால் தன் டேப்பை வெட்டுவார். எங்கள் கழகத்தில் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. டேப் வெட்டியவர் அன்றைக்குத் திரும்ப இறங்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது, யாரும் கூப்பிடவும் கூடாது. எழுதி ஒட்டாத சட்டம். எழுதாததனால்தான் எல்லாரும் மதித்தார்கள்.

கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில். மூன்றாம் பகுதி முடியும்போதே நாங்கள் முப்பத்தைந்து புள்ளி முன்னால். பயிற்சியாளர் முதல் அணியை வெளியே எடுத்தார், என்னையும் சேர்த்து. நான் டேப்பை வெட்டாமல், புள்ளி எழுதும் மேசையில் இருந்த பெண்ணிடம் ஓடிப்போய்க் கேட்டேன். அவர் தாளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஆறு யார்டு குறைகிறது என்றார்.

பயிற்சியாளரிடம் போய், என்னை மறுபடி இறக்கச் சொல்லிக் கேட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. தோற்றுப்போன அணிக்கு மேல் ஏறி நின்று தன் பெயரை எழுதுகிற வேலை அது. ஆனாலும் அவரும் மனிதர், கழகத்துக்கும் ஒரு பலகை வேண்டும். "ஒரே ஒரு தடவை" என்றார். "உள்ளே நிற்கிறவர்களோடு ஓடு. வெளியே வந்தவர்களைத் தொடாதே."

உள்ளே நின்ற ஃபுல்பேக் அந்த வருடம் சேர்ந்தவர். நன்றாகத்தான் ஆடினார். ஆனால் அவர் முதுகு எனக்குப் பழக்கமில்லை. அந்த ஒரு நிமிடத்தில் நான் யோசித்தது இவ்வளவுதான்: இவரை நம்பி ஓடி ஐந்து யார்டில் விழுந்தால்?

வாங்குப் பக்கம் நடந்தேன். குகன் அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். வெட்டிய டேப் பாம்புச் சட்டை மாதிரிக் காலடியில் கிடந்தது.

"அண்ணை, ஒரேயொரு தரம் வாங்கோ."

"நான் வெட்டிப்போட்டனடா."

"ஆறு யார்டு அண்ணை. அரை நிமிசம் எடாது."

"உள்ளுக்கை நிக்கிற பெடியன் நல்லாத்தானே இடிக்கிறான்."

"அவனை நம்பி என்னாலை ஓடேலாது."

அவர் பழத்தை வாங்கில் வைத்தார். "பத்து நாளிலை எனக்கு விசித் மெடிக்கால். உனக்குத் தெரியும்தானே."

"தெரியும் அண்ணை. ஒண்டும் நடக்காது."

"கோச்சிட்டைக் கேட்டனியோ?"

"ஓம். அவர் ஓமெண்டவர்."

இதை நான் சொன்னபோது குரல் நடுங்கவில்லை. உங்களில் யாராவது இதை வாசித்துவிட்டு, நெருக்கடியில் வாய் தவறி வந்திருக்கும் என்று எனக்காக இரங்க வேண்டாம். வாய் தவறவில்லை. நான் வேண்டுமென்றேதான் சொன்னேன்.

அவர் சப்பாத்தைப் போட்டார். நாடாவைக் கட்டினார். பயிற்சியாளர் அந்த நேரம் மறுபக்கம் திரும்பி, மத்தியஸ்தரோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தார். புதிய ஃபுல்பேக்கை நானே கையசைத்து வெளியே அனுப்பினேன்.

பந்து கைக்கு வந்தது. குகன் அண்ணை முன்னால் போனார். எப்போதும் போலவே இடித்தார், எப்போதும் போலவே வழி திறந்தது. பதினொரு யார்டு. விழுந்து எழும்பிப் பந்தைத் தூக்கினேன். எல்லாரும் ஓடிவந்து என்மேல் விழுந்தார்கள். ஒருவர் என் தலைக்கவசத்தில் முத்தமிட்டார். அந்தக் கும்பலுக்குள்ளிருந்து வெளியே வர எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது, அவசரப்படவில்லை என்பது மட்டும் தெரியும். வெளியே வந்து பார்த்தபோது அவர் புல்லில் கிடந்தார். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கத்தவில்லை. எதிர் அணிக்காரர் ஒருவர்தான் பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தார்.

முழங்காலுக்குள் இருந்த தசைநார்கள் அறுந்திருந்தன. பஸ்ஸில் வலது கால்தான் எல்லாம். பத்தாவது நாள் மருத்துவப் பரிசோதனை நடக்கவேண்டிய நேரத்தில் அவர் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தார். கம்பனி மரியாதையாக ஒரு கடிதம் எழுதியது. குணமானபின் மறுபடி விண்ணப்பிக்கலாமாம். கால் அந்த அளவுக்கு ஒருநாளும் குணமாகவில்லை. படிக்கட்டு இறங்க முடியாததால் சாப்பாட்டுக் கடை வேலையும் போயிற்று.

நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. வேலை என்று சொன்னேன்.

இதோடு முடிந்திருந்தால், இளமைப் பைத்தியம் என்று எனக்கே நான் ஒரு பெயர் வைத்துச் சமாளித்திருப்பேன். ஆட்டம் முடிந்த மூன்றாம் நாள் பயிற்சியாளர் கூப்பிட்டார். கழகத்தின் அசூரான்ஸ், அதாவது காப்புறுதிக் கம்பனி, விவரம் கேட்கிறது, அவரை உள்ளே இறக்கியது யார் என்றார். என் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அவராகவே எழுந்து வந்தார்" என்றேன்.

அவர் நம்பவில்லை. ஆனால் நான் உண்மையைச் சொன்னால் டேப் இல்லாத ஆட்டக்காரரை அவர் மைதானத்தில் நிற்கும்போதே இறக்கியதற்குக் கழகமும் பதில் சொல்ல வேண்டும். "அப்படியென்றால் எழுதிக் கொடு" என்று தாளைத் தள்ளினார். பிரான்சில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், இங்கே ஒரு ஆளை அழிக்கக் கத்தி வேண்டாம், சாட்சிக் கடிதம் ஒன்று போதும். கீழே கையொப்பமிட்ட நான் என்று தொடங்கி, நல்ல கையெழுத்தில் பத்து வரி எழுதினேன். தன் முழங்காலுக்குப் பாதுகாப்பு இல்லை என்று அறிந்தும், யாரும் கேட்காமல், தன் சொந்த விருப்பத்தில் அவர் இறங்கினார் என்று எழுதினேன். அந்தப் பத்து வரியை வைத்து அசூரான்ஸ் கையை விரித்துவிட்டது.

அடுத்த மாதம், கோடைத் தொடக்கத்தில், எபினே என்ற புறநகரில் ஒரு மண்டபத்தில் நம்மவர்கள் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அமெரிக்கருடைய விளையாட்டில் பிரெஞ்சுக்காரரை வென்ற தமிழன் என்று ஒருவர் ஒலிவாங்கியில் முழங்கினார். குகன் அண்ணை ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் இருந்தார். என் முன்னால் ஓடிய அண்ணைக்கு நன்றி என்று நான் பேசினேன். மண்டபம் கைதட்டியது. அவரும் தட்டினார். என்னவொரு நன்றி அது. அந்த மேடையில் இடி விழுந்து நான் செத்திருந்தால் அதுவே நியாயம்.

உங்கள் பயிற்சியாளர் இந்தக் கட்டுரையைக் கேட்டபோது, நெருக்கடி நேரத்தில் முடிவெடுப்பது பற்றி எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். மைதானத்தில் உங்களுக்கு ஒரு முடிவெடுக்க மூன்று விநாடி கிடைக்கும். அதில் பிழைவிட்டால் மனிதர் மன்னிப்பார்கள். ஆனால் நான் பிழைவிட்டது மூன்று விநாடியில் இல்லை. வாங்குவரை நடக்க எனக்கு முழுசாக ஒரு நிமிடம் இருந்தது. கடிதம் எழுத ஒரு பின்னேரம் முழுக்க இருந்தது. நெருக்கடியே இல்லாத நேரத்தில், ஆற அமர யோசித்துத்தான் நான் அந்த மனிதரை விற்றேன். உங்களுக்கும் அப்படித்தான் வரும். நெருக்கடி வந்ததாக உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வீர்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு பருவம் ஆடினேன். பாதித் தூரம்கூட ஓடவில்லை. வயதாகிறது என்றார்கள். வயதில்லை, முன்னால் ஆளில்லை.

குகன் அண்ணை இப்போது லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறார். இருந்த இடத்தில் இருந்தே மரக்கறி துப்புரவாக்கிக் கட்டும் வேலை. பதினேழு வருடமாக, மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது அவர் வீட்டுக்கோ கடைக்கோ போய் வருகிறேன். அரசியல், கிரிக்கெட், கறிவேப்பிலையின் தரம் எல்லாம் கதைப்போம். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. போன மாதம், இந்தக் கட்டுரைக்கு ஒப்புக்கொண்ட பிறகு, போய் அவருக்கு முன்னால் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன்.

"அண்ணை, நான் அந்த மட்சைப் பற்றி எழுதப்போறன். அசூரான்ஸுக்கு நான் ஒரு கடிதம் குடுத்தனான்."

"தெரியும்" என்றார். முருங்கைக்காய்க் கட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார். "எனக்கும் ஒரு பிரதி அனுப்பினவங்கள்."

"எப்ப அண்ணை?"

"உன்ர விழாவுக்கு முதல் கிழமை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்? ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டு? கால் வருமே?" அடுத்த கட்டை எடுத்தார். "எழுதுறதெண்டா எழுது. ஆனா அதுக்கு முதல் மாலதியிட்டைப் போய்ச் சொல்லு. அது பொய்யெண்டு அவளுக்குத் தெரியாது. அவள் அந்தக் கடிதத்தைப் பாத்திட்டு இது உண்மையோ எண்டு கேட்டவள். நான் ஓமெண்டனான்."

"ஏன் அண்ணை?"

"பிள்ளைத்தாச்சி. உன்னைத் தேடிக்கொண்டு ரோட்டில இறங்கியிருப்பாள். பிறகு நீ வந்து போனாய், அவளும் தேத்தண்ணி தந்தாள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தேனில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணை கடையில். மாலதி அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே இருந்தார். நான் கோப்பையைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாங்கு, டேப், கோச் ஓமென்றதாகச் சொன்ன பொய், பத்து வரி.

"நீங்கள் கூப்பிட்டுத்தான் அவர் இறங்கினவரோ?"

"ஓம் அக்கா."

"மாட்டன் எண்டவரோ?"

"வெட்டிப்போட்டன் எண்டவர். மெடிக்கால் இருக்கெண்டும் சொன்னவர்."

அவர் யன்னல் பக்கம் பார்த்தார். கண்ணைத் துடைக்கவில்லை, குரலும் உயரவில்லை.

"பதினேழு வருசமா நான் அந்த மனுசனை ஏசியிருக்கிறன் தம்பி. வயித்தில பிள்ளையோட நான் இருக்கேக்கை உங்களுக்கு விளையாட்டுத்தான் பெரிசாப் போச்சு எண்டு. வீட்டு வாடகை கட்டேலாத நேரம் சொன்னனான். பிள்ளைக்கு முன்னாலையும் சொன்னனான். போன கிழமையும் சொன்னனான். ஒருநாள் திருப்பி ஒரு வார்த்தை கதைக்கேல்லை."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டுப் போங்கோ. இனி இஞ்சை வராதேங்கோ."

குடித்து முடிக்கும்வரை அவர் எதிரேயே இருந்தார். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.